பட்டச் சவாரியும் உள்ளங்கைக் கொப்புளமும்

பட்டம் என்னுஞ் சொல் செவியில் விழுந்த அளவில், கல்லூரி மாணவரின் உள்ளம் பட்டமளிப்பு மண்டபத்தின்பாற் செல்லுதல் இயல்பே. ஈண்டு நாம் கூறப்புகும் பட்டமோ அத்தகையதன்று. வானத்தில் நின்று காற்றை ஏற்று, தன்னைப் பற்றியவனைக் கடல்மீது இழுத்துச் செல்லும் பெரும் பட்டமாகும் இது. இடையிற் கச்சையும் காலிற் பலகையும் பூண்ட ஒருவன், அப்பட்டத்தின் இழுவிசையால் நீர்ப்பரப்பின்மேல் விரைந்து செல்லும் விளையாட்டினை ஆங்கிலத்தில் கைட் போர்டிங் என்பர். நாம் அதனைப் பட்டச் சவாரி என்று வழங்குவோம். இதனைப் பயிலத் தொடங்குவோருள் பலர் முதன்முதற் பெறும் பரிசு உள்ளங்கைக் கொப்புளமே. அக்கொப்புளம் எதனால் எழுகின்றது, அதனை எங்ஙனம் தடுப்பது, எழுந்தபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். பட்டத்தின் விசையைக் கொண்டு வண்டி இழுக்கலாம் என்பதனை இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரில் பள்ளியாசிரியராயிருந்த ஜார்ஜ் போக்காக் என்பார் நன்கு காட்டி, 1826-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். எனினும், கடலில் வீழ்ந்த பட்டம் மீண்டும் எழும்பாமையால் நீர்மேல் அதனைப் பயன்படுத்துதல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. பிரான்சு தேசத்துச் சகோதரரான புரூனோ லெகென்யூ, டொமினிக் லெகென்யூ என்னும் இருவர், காற்றடைத்த குழாய்களையே எலும்புக் கூடாகக் கொண்ட பட்டமொன்றை வகுத்து, 1984-ஆம் ஆண்டில் உரிமை பெற்றனர். நீரில் வீழினும் மிதந்து மீண்டெழும் அப்பட்டமே இற்றை விளையாட்டுக்கு அடிகோலியது. 1990-களின் பிற்பகுதியில் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மௌயியில் இது பெருக வளர்ந்தது. 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விழாவில், மார்செய் நகரக் கடலில், முதன்முறையாக ஒலிம்பிக் போட்டியாகவும் நடைபெற்றது. ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியிலுள்ள தாரிஃபா இதற்குப் பேர்பெற்ற துறை. நமக்கு அண்மையில், ஈழத்தின் மேல்கரையிலுள்ள கற்பிட்டியிலும், நம் இராமேசுவரத்தை அடுத்த கடலிலும் பருவக்காற்று வீசுங்காலத்து இது பயிற்றப்படுகின்றது. ஆதலின் இச்செய்தி நம் மாணவர்க்கு முற்றும் புறம்பானதன்று.

இனி, கருவிகளின் அமைப்பை அறிதல் வேண்டும். அதனை அறியாதார்க்குக் கொப்புளத்தின் காரணம் விளங்காது. பட்டத்தினின்று பெரும்பாலும் நான்கு கயிறுகள், 20 முதல் 24 மீட்டர் வரை நீளமுடையனவாய், ஊர்வோனிடம் வருகின்றன. அவற்றுள் முன்கயிறுகள் இரண்டும் ஒன்றுகூடி, கையிற் பிடிக்கும் குறுக்குக் கோலின் நடுவிலுள்ள துளையினூடே இறங்கி, ஒரு வளையத்தில் முடிகின்றன. அவ்வளையம் ஊர்வோனது இடைக்கச்சையிலுள்ள கொக்கியில் மாட்டப்படும். பின்கயிறுகள் இரண்டும் கோலின் இரு நுனிகளிலும் கட்டப்பட்டிருக்கும். கோலை ஒரு பக்கம் சாய்த்தால் பட்டம் அப்பக்கம் திரும்பும். கோலைத் தன்பால் இழுத்தால் பட்டம் காற்றை மிகுதியாய் ஏற்று விசை மிகும். கோலை அப்பால் தள்ளினால் விசை குறையும். இதனின்று அறியத்தக்க உண்மை ஒன்றுண்டு. பட்டத்தின் பெரும்பாரத்தை ஏற்பது இடையே. கைக்கு உரியது திருப்புதலும் விசையைக் கூட்டிக் குறைத்தலும் மட்டுமே. குதிரைக்காரன் கடிவாளத்தைப் பிடித்திருக்கின்றான். அவன் உடற்பாரத்தைத் தாங்குவது சேணமே. கடிவாளத்தில் தொங்கிச் சவாரி செய்வார் எவருமிலர். பட்டச் சவாரி பயிலும் புதியவரோ பெரும்பாலும் அதனையே செய்கின்றனர்.

அது நிற்க. கொப்புளம் என்பது யாது? நம் தோலின் மேற்புறத்தே இறந்த உயிரணுக்களாலாகிய தடித்த படலமொன்று உளது. அதன்கீழ் உயிருள்ள அணுக்கள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. கையின்மேல் ஒரு பொருள் அழுந்தி முன்னும் பின்னும் அசையுங்கால், மேற்படலம் அப்பொருளோடு ஒட்டி ஒரு திசையிற் செல்ல முயலும். உள்ளிருக்கும் எலும்போ வேறு திசையில் அசையும். இவ்விரண்டிற்கும் நடுவே அகப்பட்ட தசையும் தோலும் இழுபட்டுத் திரிகின்றன. இத்திரிபு பலமுறை நிகழவே, மேற்றோலின் நடு அடுக்கிலுள்ள அணுக்கள் தம்முட் பிணைப்பறுகின்றன. ஆங்கு உண்டாகும் பிளவினுள், அடுத்துள்ள திசுக்களினின்று தெளிந்த நீர் ஊறி நிரம்புகின்றது. அதுவே கொப்புளம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேற்படலம் தடித்திருத்தலின், அது கிழியாது கூரைபோல் நின்று நீரைத் தாங்குகின்றது. தோல் மெல்லியதாயுள்ள ஏனை இடங்களில், இவ்வாறு உராயின் கொப்புளத்திற்கு மாறாகச் சிராய்ப்பே உண்டாகும்.

தோல் எங்ஙனம் திரிகின்றது என்பதனை மாணவர் இப்பொழுதே சோதித்தறியலாம். ஒரு விரலின் நுனியை மற்றைக் கையின் புறத்தே வைத்து, வழுக்கவிடாது அழுத்தி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரல் தோலின்மேல் நகரவில்லை. தோலே எலும்பின்மேல் நகர்கின்றது. இனி உள்ளங்கையில் அவ்வாறே செய்யுங்கள். ஆங்குத் தோல் சிறிதே அசைந்து நின்றுவிடும். உள்ளங்கைத் தோல் கீழுள்ள உறுதியான நார்ப்படலத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருத்தலே அதற்குக் காரணம். பொருளை நழுவவிடாது பற்றுதற்கு இவ்வமைப்பு இன்றியமையாதது. ஆயினும், அசைந்து கொடாத தோல் இழுப்பு முழுவதையும் தன்னுள்ளேயே ஏற்கவேண்டியதாகின்றது. விரல்களின் அடியிலே, கணுவெலும்புகள் துருத்தும் இடங்களில், தோல் கோலுக்கும் எலும்புக்கும் இடையே நசுங்குகின்றது. கொப்புளங்கள் வரிசையாய் அங்கே எழுதலின் காரணம் இதுவே.

இத்துணையோடு கடலும் தன் பங்கைச் செலுத்துகின்றது. நன்கு உலர்ந்த தோலினும் ஈரமேறிய தோல் மென்மையுற்று, பற்றிய பொருளோடு மிகுதியாய் ஒட்டும். நீரில் நெடுநேரம் ஊறிய கை வெளுத்துச் சுருங்கி எளிதிற் புண்படுதலை யாவரும் அறிவர். கடல்நீர் உலருங்கால் எஞ்சும் உப்பும், கரையில் ஒட்டிய மணலும், கோலின் உறைமீது பதிந்து அரம்போல் அராவுகின்றன. ஆதலின் கோலைக் கரையில் மணற்படக் கிடத்தலாகாது. ஏறுமுன் கோலையும் கையையும் நீரில் அலசிக்கொள்ளுதலும், முடிந்தபின் நன்னீராற் கழுவி உலர்த்துதலும் சிறு செயல்களே. ஆயினும் பெரும்பயன் தருவன.

இவை யாவும் துணைக்காரணங்களாம். முதற்காரணமோ ஊர்வோனது உள்ளத்திலேயே உளது. புதிதாய்ப் பயில்வோன் பட்டத்தின் இழுப்பைக் கண்டு அஞ்சுகின்றான். அஞ்சியவன் கையிலிருப்பதை இறுகப் பற்றித் தன்பால் இழுத்துக்கொள்ளுதல் மனித இயற்கை. ஆனால் கோலைத் தன்பால் இழுக்க இழுக்கப் பட்டத்தின் விசை மிகும் என்று மேலே கூறினோம் அன்றோ? விசை மிகவே அச்சம் மிகுகின்றது. அச்சம் மிகவே பிடி இறுகுகின்றது. பிடி இறுகவே விசை பின்னும் மிகுகின்றது. இச்சுழலில் அகப்பட்டவனது முன்கை சிறிது நேரத்திற் சோர்ந்து மரத்துப்போம். உள்ளங்கையிற் கொப்புளம் எழும். தரையில் ஓடும் வண்டியில் அச்சம் நேரின், கைப்பிடியை இறுகப் பற்றுதல் காப்பாகலாம். இங்கோ பிடியைத் தளர்த்திக் கோலை அப்பால் விடுதலே காப்பு. கோல் விலகிய அளவில் பட்டம் தன் விசையின் பெரும்பகுதியை இழக்கும். வளையம் இடைக்கச்சையில் மாட்டியிருத்தலின் பட்டம் பறந்தோடிவிடாது. இவ்வுண்மை அறிவிற்கு எளிது. கைக்குப் பழகுதல் அரிது. அதனைக் கைக்குப் பழக்குதலே கொப்புளந் தடுக்கும் முதன் மருந்து என்க.

அங்ஙனம் பழகுதற்குரிய வழிகளை இனி முறையே கூறுவாம்.

முதலாவது, காற்றிற்கும் உடல் எடைக்கும் ஏற்ற அளவுடைய பட்டத்தைத் தேர்தல் வேண்டும். காற்று வலுத்த நாளிற் பெரிய பட்டத்தை ஏற்றியவன் எத்துணைத் திறமையுடையனாயினும் அதனோடு மல்லாடவே நேரும். ஐயமுண்டாயின் சிறியதைக் கொள்ளுதல் நலம்.

இரண்டாவது, இடைக்கச்சை உடலோடு நன்கு பொருந்தி இறுகியிருத்தல் வேண்டும். தளர்ந்த கச்சை மார்பை நோக்கி மேலேறும். அப்பொழுது இடையில் அமரவேண்டிய பாரம் தோளுக்கும் கைக்கும் செல்லும். கச்சை இடையில் நின்றபின், நாற்காலியிற் சாய்ந்தாற்போல் அதன்மேற் சாய்ந்து, கால்களால் பலகையை உதைத்து நிற்கப் பழகுக.

மூன்றாவது, முன்கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தற்கென்று கோலுக்கு மேலே ஒரு வார் அமைந்துள்ளது. அதனைச் செவ்வனே சரிசெய்தால், முழங்கை சற்றே மடங்கிய நிலையிற் கோல் எளிதாய் நிற்கும். கையை முழுதும் நீட்டினாலன்றிக் கோலை எட்டவியலாதாயினும், கோலை எப்பொழுதும் வலிந்து இழுத்துப் பிடிக்கவேண்டியிருப்பினும், அளவு பிழைத்ததென்று அறிக. காற்று மாறுந்தோறும் இதனை மாற்றிக்கொள்ளச் சோம்புதலாகாது.

நான்காவது, பிடிக்கும் முறை. கோலை உள்ளங்கையின் நடுவில் வைத்து முட்டியாய் மூடுதல் தவறு. அங்ஙனம் பிடிப்பின், இழுப்பு நேருங்கால் கோல் விரலடிக்கு நகர்ந்து, ஆங்குள்ள தோலை மடித்து நசுக்கும். ஆதலின் முதலிலேயே விரல்களின் வளைவிற் கோலை ஏந்திப் பிடித்தல் வேண்டும். பிடி ஒரு சிறு பறவையைப் பிடித்தாற்போல் இருத்தல் நன்று. அது பறந்தோடவுங் கூடாது, நசுங்கவுங் கூடாது. நேர்வழியிற் செல்லுங்கால் சில விரல்களே போதும். இடையிடையே ஒரு கையை எடுத்து விரல்களை விரித்து உதறுக. மற்றைக் கையைக் கோலின் நடுவிற் கொண்டு வைத்தால் பட்டம் ஒருபுறம் சாயாது. கைகளின் இடத்தையும் சிறிது சிறிதாய் மாற்றுக. ஓரிடத்திலேயே உராய்வு தங்காதிருக்க இஃது உதவும்.

ஐந்தாவது, கோலின் உறையை நோக்குதல். பெரும்பாலான கோல்கள் மென்மையான நுரைப்பொருளாற் போர்த்தப்பட்டிருக்கும். உறை தேய்ந்து, கிழிந்து, விளிம்பு கிளம்பியிருப்பின் அதனை மாற்றுதல் வேண்டும். கையின் அளவிற்கு மிஞ்சிய பருமனுள்ள கோல், விரல்கள் வளைந்து மூட இடங்கொடாமையால், மிகுந்த வலிமையை வேண்டி நிற்கும். சிறிய கையுடையார் மெல்லிய கோலைத் தேடிக்கொள்ளுதல் நலம்.

கையுறை அணியலாமோ எனின், அணியலாம். ஆயின் அதன் குறையும் நிறையும் அறிந்து அணிதல் வேண்டும். மெல்லியதாய், கையோடு ஒட்டியதாய், உள்ளங்கையில் தையல் துருத்தாததாய் உள்ள கையுறை உராய்வைத் தானேற்றுத் தோலைக் காக்கும். தடித்த கையுறையோ கோலின் பருமனைக் கூட்டுவதுபோலாகி, முன்கையை விரைவிற் சோர்விக்கும். பெரிதாய்த் தொளதொளத்த கையுறை நனைந்து மடிப்புண்டு, அம்மடிப்புகளே கொப்புளத்தை விளைக்கும். குளிர்ந்த கடல்களில் ஊர்வோர், கையின் புறத்தை மூடி உள்ளங்கையைத் திறந்துவைக்கும் உறைகளையும் அணிகின்றனர். எவ்வுறையாயினும், அதனை அணிந்தபடியே அவசர விடுவிப்புப் பொறியை இயக்கிப் பார்த்தபின்னரே கடலில் இறங்கல் வேண்டும்.

கையுறை விரும்பாதார், கொப்புளம் எழக்கூடும் இடங்களில் மருத்துவர் வழங்கும் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொள்ளலாம். தோல் நன்கு உலர்ந்திருக்கும்பொழுதே, எண்ணெய்ப்பசை நீக்கி, மடிப்பின்றி ஒட்டுக. விரல் மடங்குதற்கு இடம் விட்டு, இரத்த ஓட்டம் தடைப்படாவாறு சுற்றுக. நாடாவின் மூலைகளை வட்டமாய்க் கத்தரித்தால் எளிதிற் கிளம்பாது.

உடலும் தன்னைத் தான் காத்துக்கொள்ள ஒரு வழி வைத்துள்ளது. அளவான உராய்வு பல நாள் நேரின், மேற்படலம் தடித்துக் காய்ப்பேறும். மண்வெட்டி பிடிக்கும் உழவரின் கையையும், துடுப்பு வலிக்கும் பரதவரின் கையையும் நோக்குக. அவர்தம் கை ஒரு நாளில் அந்நிலை எய்தியதன்று. எனவே புதியவர் முதல் நாளிலேயே மாலைவரை கடலில் நில்லாது, சிறிது சிறிதாய் நேரத்தைப் பெருக்குதல் வேண்டும். எரிச்சல் தோன்றிய கணமே கரையேறுக. கொப்புளம் எழுமுன் தோல் தரும் எச்சரிக்கை அவ்வெரிச்சலே. காய்ப்பும் மிதமிஞ்சினால் தீங்காம். மேடுபோல் உயர்ந்த காய்ப்பின் விளிம்பு கோலில் மாட்டி இழுபட, அதன்கீழே ஆழ்ந்த கொப்புளம் எழும். அத்தகைய காய்ப்பைக் குளித்தபின் நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்துச் சமனாக்குக. கத்தியால் அறுத்தல் கூடாது. இரவில் தைலம் பூசித் தோல் வெடியாது காத்தல் நன்று. கடலில் இறங்குமுன் பூசுதல் தகாது.

இத்துணையும் செய்தும் கொப்புளம் எழுந்துவிடின் யாது செய்வது? சிறியதாய் வலியின்றி இருப்பின் அதனை உடைக்காது, தூய துணியால் மூடி விடுக. அதன் மேற்றோலே சிறந்த மருந்துக்கட்டு. பெரியதாய் வலித்து, எப்படியும் உடையும் நிலையிலிருப்பின், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, சாராயச் சத்தால் தூய்மை செய்த ஊசியைக் கொண்டு ஓரத்திற் குத்தி நீரை வடிக்கலாம். மேற்றோலை உரித்தெடுத்தல் கூடாது. பின்னர் வாசலைன் தடவிக் கட்டுக; நாள்தோறும் கட்டை மாற்றுக. நீரிழிவு முதலிய பிணியுடையார் இதனைத் தாமே செய்யாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். உராய்வு நேர்ந்த ஒரு நாளைக்குள் அடியிலுள்ள அணுக்கள் விரைந்து பெருகத் தொடங்கும். ஏறத்தாழ 5 நாட்களில் புதிய மேற்படலம் உருவாகும். அதுகாறும் கடலைக் கரையினின்று காண்பதே அறிவுடைமை.

ஒரு கொப்புளத்திற்கு இத்துணை எச்சரிக்கை வேண்டுமோ என்று நகைப்பாரும் உளர். அவர் ஒரு வரலாற்றைக் கேட்பாராக. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராயிருந்த கால்வின் கூலிட்ஜின் இளைய மகன், தந்தையின் பெயரையே தாங்கியவன், 1924-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆந் தேதி வெள்ளை மாளிகைத் திடலில் காலுறையின்றி டென்னிஸ் ஆடினான். கால்விரலில் ஒரு கொப்புளம் எழுந்தது. நச்சுக் கிருமிகள் அதன்வழிப் புகுந்து இரத்தத்திற் பரவின. ஜூலை 7-ஆந் தேதி அவ்விளைஞன் உயிர்நீத்தான். அவனுக்கு அப்பொழுது வயது 16. நாட்டின் தலைவராலும் தம் மைந்தனைக் காக்க இயலவில்லை. அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-ஆம் ஆண்டிலேயாம். இற்றை நாளில் நமக்கு அம்மருந்துகள் உண்டு. ஆயினும் காலத்தே நாடினாலன்றி அவை பயன்படா. மேலும், வெப்பமான கடல்நீரிலும் உப்பங்கழிகளிலும் வாழும் விப்ரியோ இனக் கிருமிகள் சில, திறந்த புண்வழிப் புகுந்து கடும் நோய் விளைக்கவல்லன. ஈரல் நோயுடையார்க்கு அவை பெருங்கேடாம். ஆதலின் புண்ணைச் சுற்றிச் செம்மை பரவுதல், வெம்மை, சீழ், கைமேல் ஏறுஞ் செங்கோடு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாழாது மருத்துவரிடம் செல்க.

பிறிதோர் இடரும் உண்டு. இடைக்கச்சையின் முன்னே அவசர விடுவிப்புப் பொறி ஒன்று அமைந்திருக்கும். பட்டம் கட்டுக்கடங்காது இழுக்குங்கால், ஊர்வோன் அதனைக் கையால் தள்ளி அக்கணமே பட்டத்தின் விசையை ஒழித்தல் வேண்டும். கொப்புளத்தால் வலியுற்ற கை, சோர்ந்து மரத்த விரல், அக்கணத்தில் தயங்கும். அத்தயக்கம் ஒருவனைப் பாறையின்மேலோ மக்கள் நடுவிலோ வீசுதற்குப் போதும். கோலைப் பிடிக்க இயலாத வலியால் கயிற்றையே பற்றுவாரும் உளர்; இறுகி நிற்கும் மெல்லிய கயிறு விரலை அறுத்துவிடும். ஆகவே உள்ளங்கையைக் காத்தல் சுகத்திற்காக மட்டுமன்று, உயிருக்காகவுமாம்.

தேர்ந்தோருள் சிலர், வளையத்தைக் கொக்கியினின்று கழற்றி, கைவலிமை ஒன்றாலேயே பட்டத்தைப் பற்றி வித்தைகள் புரிவர். அப்பொழுது பாரம் முழுவதும் கையிலேயே விழுமாதலின் அவர்க்குக் கொப்புளம் எழுதல் வியப்பன்று. அது பல்லாண்டுப் பயிற்சியால் வலுவேறிய கைகளுக்குரியது. புதியவர் அதனைக் கண்டு மயங்கற்க.

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கையுறையும் நாடாவும் தைலமும் இரண்டாம் இடத்தனவே. இடை தாங்கவேண்டியதை இடைக்கு விட்டு, கை தனக்குரிய சிறு தொழிலை மட்டும் செய்யுமாயின், பெரும்பாலான கொப்புளங்கள் தாமே எழாதொழியும். நல்லாசான் ஒருவனிடம் பயிலுங்கால், “பிடியைத் தளர்த்து” என்னும் அறிவுரையையே மாணவன் பன்முறை கேட்பான். அதனைச் செவியால் மட்டுமன்றிக் கையாலும் கேட்பானாயின், அவன் நெடுநேரம் களிப்போடு கடலில் உலாவி, நலமுற்ற கையோடு கரையேறுவான்.